இடது பக்கத்துச் சத்தம்

என்னங்க,

கை கழுவியாகிவிட்டது, குளித்தும் ஆகிவிட்டது. புது ரப்பர் வாசனை மட்டும் உள்ளங்கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. காலையில் வெங்காயம் நறுக்கினேன், அதற்கும் அசையவில்லை. உங்கள் காருக்கு நான்கு புது டயர் வாங்கியிருக்கிறேன். நீங்கள் இருந்தவரை அது ஆண்கள் சமாசாரம். என் வாழ்க்கையில் டயர் வாங்கியது இதுதான் முதல் தடவை. ஒருவருக்கு முன்கை எலும்பு முறிந்தது, ஒருவருக்குப் புருவம் கிழிந்தது, மற்றபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

நீங்கள் போன பிறகு கார் வாசலில் சும்மா நின்றது. விற்றுவிடலாம் என்றான் சேவியர். உங்கள் மகன் எதையும் கேட்பதில்லை, அறிவிப்பான். அது யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. நான் விற்கவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். கல்லூரி நூலகத்தில் காலமெல்லாம் பிறரை அமைதி காக்கச் சொன்னவள், ஓய்வு பெற்ற பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது. நீங்கள் ஏன் அந்த ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இருந்தீர்கள் என்பது இப்போது ஓரளவு விளங்குகிறது.

வண்டியில் ஏறியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அக்கா, இடது பக்கம் முன்னால ஊங்குன்னு சத்தம் வருதே, கேக்கலையா?" கேட்கவில்லை. ஓட்டும்போது அந்தப் பக்கம் இருப்பது என் இடது காது. அந்தக் காதில் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவதே விழாது. இதனால் பலர் என்னை நிதானமான ஓட்டுநர் என்று பாராட்டுகிறார்கள்.

அந்தக் காது எப்படிப் போனது என்று நம் இருவருக்கும் தெரியும். டாக்டரிடம் வாலிபால் பட்டுவிட்டது என்றீர்கள். நான் அந்த மைதானத்துப் பக்கம் போனதே இல்லை. டாக்டரும் அதைக் கேட்கவில்லை, அவர் உங்களிடம் படித்தவர். அன்றைக்கு வெஞ்சனம் ஆறிப்போயிருந்தது. முட்டைக்கோஸ். இன்றும் சந்தையில் முட்டைக்கோஸைப் பார்த்தால் ஒரு காதில் மணியடிக்கிறது. கேட்காத காதில்தான்.

அப்போது தாடிக்கொம்புக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். சில நாள் கழித்து உங்கள் அம்மா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நம் பக்கத்து வழக்கம் அது. கோபித்துக்கொண்டு போன மருமகளை மாமியார் நேரில் வந்து அழைக்க வேண்டும், பெண்ணைப் பெற்றவர்கள் முன்னால் ஒரு சொல் சொல்ல வேண்டும். "நான் பொறுப்பு." அந்தச் சொல் வந்த பிறகும் பெண்ணை வைத்துக்கொண்டால் அது பெண் வீட்டாருக்கு அழகில்லை. உங்கள் அம்மா சொன்னார்கள். "நான் பொறுப்பு சம்மந்தி. இனிமே அவன் கை நீளாது." காபி குடித்தார்கள், என் பையை அவர்களே தூக்கிக்கொண்டார்கள், நான் பின்னால் நடந்தேன். கை நீண்டது. அவர்கள் மேல் குற்றமில்லை. பொறுப்பு என்றுதான் சொன்னார்கள், தடுப்பேன் என்று சொல்லவில்லை.

உங்களைக் கொடியவர் என்று எழுத உட்காரவில்லை. மழைக்காலத்தில் எனக்கு மூச்சிரைத்தால் விடிய விடிய வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் நீங்கள். என் அப்பா விழுந்தபோது அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கியவர் நீங்கள். தோளில் பலம் இருந்தது. பலத்துக்கு எது வேலை என்று அதற்கே தெரியவில்லை. கிடைத்த வேலையைச் செய்தது.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் பி.டி. சார். விசில், வெள்ளைக் கால்சட்டை, கையில் பிரம்பு. பிரம்பு உடைந்தால் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டு, "கண்ண மட்டும் விட்ருங்க சார், மத்ததெல்லாம் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்கள் கண்ணை மட்டும் விட்டீர்கள். யாராவது கேட்டால் உங்களிடம் ஒரே பதில் இருந்தது: "நான் அடிக்கலை, திருத்துனேன்." இந்த ஊரில் உங்களால் திருத்தப்பட்டவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். மருந்துக்கடையில், கோர்ட்டில், பூக்கமிஷன் கடையில், போலீஸ் ஸ்டேஷனிலும்கூட. சந்திக்கும்போது என்னிடம் தழும்பைக் காட்டுகிறார்கள். மற்ற ஊர்களில் பட்டச் சான்றிதழை எப்படிச் சட்டமடித்து மாட்டுவார்களோ அப்படி.

அப்புறம் அந்த வீல் ஸ்பேனர். சக்கரத்து நட்டைக் கழற்றுகிற எல் வடிவ இரும்பு. மற்றவர்கள் அதை டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நீங்கள் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், பள்ளி விளையாட்டு விழாவில் கொடுத்த துண்டில் சுற்றி வைத்திருந்தீர்கள். பஞ்சர் ஆனால் கடைக்காரனுக்கு போன் போடுவீர்கள். அது தன் வாழ்நாளில் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. ஆனால் வெளியே வந்த தடவைகளுக்குக் குறைவில்லை. பைபாஸில் ஒரு ஷேர் ஆட்டோ உங்களை முந்தியது நினைவிருக்கும். என்னையும் வைத்துக்கொண்டு அவனை விரட்டினீர்கள், சாலையோரக் கல்லில் இடது முன்சக்கரத்தை ஏற்றினீர்கள். வண்டி நின்றதும் இறங்கிப் போய் அவனுடைய கண்ணாடி, விளக்கு, தலைக்கு மேலிருந்த சாமி படம் எல்லாவற்றையும் திருத்திவிட்டு வந்தீர்கள். அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, துண்டால் ஸ்பேனரைத் துடைத்து, "செத்த நேரம் ஏசியப் போடு" என்றீர்கள். அன்றிலிருந்து வண்டி இடது பக்கம் இழுத்தது.

கடைசியில் உங்களைக் கொன்றதும் ஒரு டயர்தான். பழனி ரோட்டில், ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குத் தக்காளி ஏற்றிப்போன லாரி வழிவிடவில்லை. சிக்னலில் நின்றதும் இறங்கிப் போய், "ஏலே, எறங்குடா கீழ" என்று கத்தினீர்கள். டிரைவருக்குப் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. பின் டயரை ஓங்கி ஒரு உதை விட்டீர்கள். நிறையச் சரக்கேற்றிய லாரியின் டயர் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று, ஆயிரம் பந்துக்குக் காற்றடித்த உங்களுக்குத் தெரியாமல் போயிற்று. விளக்கு பச்சையானது, லாரி போய்விட்டது. பெருவிரல் உடைந்ததைச் சர்க்கரை வியாதிக்காரரான நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. விரல் கறுத்தது, பாதம் கறுத்தது, மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கும் பிறகு கட்டிலில் படுத்தபடி, ஊசி போட வந்த நர்ஸை இல்லாத காலால் உதைத்தீர்கள். போர்வை அசைந்ததை நான் பார்த்தேன். அந்த மாதமே முடிந்தது. உங்களைக் கொன்றவனுக்குத் தான் ஒரு சண்டையில் இருந்ததே இன்றுவரை தெரியாது.

உங்கள் சவப்பெட்டியைத் தூக்கப் பழைய மாணவர்கள் போட்டி போட்டார்கள். கல்லறையில் ஃபாதர் உங்களைக் கண்டிப்பானவர் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சேவியர் மட்டும் ஆட்டவில்லை. அவன் உங்கள் மூத்த மாணவன். அவனுடைய தழும்புகள் அவனே காட்டமுடியாத இடங்களில் இருந்தன. அன்றைக்கு அவனைப் பார்த்து, இவன் உங்களைப் போல ஆகமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நிறையப் படித்தவர்கள் இப்படி நினைப்பது வழக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரெஜினா, நம் மருமகள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வேடசந்தூரில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சேவியர் குக்கர் மூடியை எறிந்தான். அது அவளைத் தாண்டிப் போய்ச் சுவரில் பட்டது. "அவ மேல படணும்னு எறியலம்மா. சாமான் மேலதான் கோவத்தக் காட்டுனேன்" என்றான். முந்தின வாரம் கோபத்தைக் காட்டியது கதவின் மேல். கதவுக்குப் பின்னால் அவள் விரல் இருந்தது. அதையும் தெரியாமல்தான் என்றான். நான் நம்பினேன். நம்ப வேண்டிய வயதில் இருந்தேன், வீடு காலியாக இருந்தது, பாப்பாவின் சட்டை கொடியில் காய்ந்தபடி இருந்தது.

சம்மந்தி வீட்டுக்குப் போய்ப் பேசினேன். ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், பேச்சைவிடத் தலையாட்டல் அதிகம். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "நான் பொறுப்பு சம்மந்தி." என் வாயிலிருந்து வந்தாலும் குரல் உங்கள் அம்மாவுடையது. சனிக்கிழமை கார் கொண்டுவருகிறேன், பெட்டி கட்டி வை என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளையை ஏற்றி வரும் வண்டி. அதனால்தான் டயர். சனிக்கிழமை காலை டயர் மாற்றுவது, மதியம் வேடசந்தூர், சாயந்திரம் மருமகளும் பேத்தியும் வீட்டில். இதுதான் திட்டம். சேவியரும் கிளம்பினான். "ஒனக்கு டயரப் பத்தி என்னம்மா தெரியும்? ஏமாத்திப்புடுவானுக." ஏமாற்றப்படுவதில் எனக்கு இருந்த அனுபவத்தை அவனிடம் சொல்லவில்லை.

கடை முருகேசனுடையது. நத்தம் ரோட்டில் பெரிதாகப் போட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், தன் காதை மடக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். "சார் திருகுனது. எட்டாப்பு. இன்னும் இருக்குங்கம்மா, பாருங்க." பார்த்தேன். இருந்தது. நாற்காலி போட்டார், இளநீர் வந்தது.

"என்ன டயர் போடணும்மா?"

"உருண்டையா இருந்தாப் போதும்" என்றேன்.

சேவியர் பல்லைக் கடித்தான். முருகேசன் சிரித்துக்கொண்டே வண்டியைத் தூக்கச் சொன்னார். இடது முன்சக்கரத்தைக் கழற்றி என் முன்னால் உருட்டிக்கொண்டு வந்தார். வெளிப்பக்கம் நன்றாக இருந்தது, தரையைப் பிடிக்கும் பட்டன்கள் எல்லாம் தெளிவாக. திருப்பிக் காட்டினார். உள்பக்கம் வழுக்கை, அதற்கும் கீழே கம்பி.

"உள்பக்கம் மட்டும் தின்னுருக்கும்மா. எப்பயோ எங்கயோ ஓங்கி இடிச்சிருக்காக. வெளிய நின்னு பாத்தா புதுசு மாதிரிதான் தெரியும். இதுலயா ஓட்டுனீக? அம்புட்டுச் சத்தம் வந்திருக்குமே, கேக்கலையா?"

"இல்லை" என்றேன்.

எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுகிற பழக்கம் எனக்கு. புது டயரின் பக்கவாட்டில் நிறைய எழுதியிருந்தது. எந்த வாரம் பிறந்தது, எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு காற்று கொள்ளும், எந்தப் பக்கம் உருள வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று இருந்தது. தேய்ந்து தேய்ந்து அந்த மேடு வரை வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டுமாம். கல்யாணப் பத்திரிகையில் இவ்வளவு விவரம் போடுவதில்லை.

"இதுக்கு வாரண்டி உண்டா?" என்று கேட்டேன். சாமான் வாங்கினால் அதைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"உண்டும்மா. ஆனா வெட்டு, குத்து, அடி இதுக்கெல்லாம் கெடையாது. செய்யும்போதே உள்ள கோளாறு இருந்து, அது பின்னால தெரிஞ்சா மட்டும் மாத்திக் குடுப்பாக."

"செய்தவர்கள் பொறுப்பா?"

"ஆமா, செஞ்சவுகதான் பொறுப்பு."

இளநீரைக் குடித்தேன். சேவியர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

நான்கும் மாட்டியாயிற்று. முருகேசன் நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்து டயர்களுக்கு முன்னால் வைத்தார். "வேதக்காரவுக வேணாம்னு சொல்வீகளோ?" என்று தயங்கினார். வேண்டாம் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. புது வண்டி வந்த அன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கம் எலுமிச்சை வைத்தவர் நீங்கள். கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சுக்கிறது நல்லது" என்றீர்கள். வைக்கச் சொன்னேன். அலைன்மென்ட் மட்டும் பாக்கி. சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கும் மேடைக்கு அடுத்து நாங்கள்தான்.

அப்போதுதான் ஒரு பெரிய கறுப்பு வண்டி உள்ளே நுழைந்து நேராக அந்த மேடையில் ஏறியது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் இறங்கினார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவராம்.

"யோவ், வரிசைன்னா என்னன்னு தெரியுமாய்யா?" என்றான் சேவியர்.

"ஏனுங்க தம்பி, அஞ்சு நிமிசத்துல எறக்கிருவாங்க. கேரளா லோடு நிக்குதுங்க."

"ஒன் லோடு நின்னா எனக்கென்ன? எறக்குய்யா வண்டிய."

"அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, கொஞ்சம் மருவாதியாப் பேசுங்க."

"மருவாதி கத்துக்குடுக்க வந்தியா நீ?"

"வூட்டுல கத்துக்குடுக்கலீன்னா வெளிய யாராச்சும் குடுக்கோணுமில்லீங்க."

முருகேசன் இடையில் ஓடினார். "அண்ணே, விடுங்கண்ணே. நம்ம பி.டி. சார் மகன்."

"ஓ, அவருங்களா? என்ற மச்சினனைக் கூட அவர்தானுங்க படிக்க வெச்சு அடிச்சாரு." அவர் சேவியரை மேலும் கீழும் பார்த்தார். "அப்பாரு பேரைச் சொல்லி எத்தனை நாளைக்குங்க தம்பி ஓட்டுவீங்க? வாத்தியாரு அடிச்சா கண்டிப்பு, மத்தவிய அடிச்சா கேசுங்க."

இவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் கும்பிட்டுவிட்டுத்தான் அறைந்தது. சேவியர் திரும்பிக் காரை நோக்கி நடந்தான். எனக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. கதவைத் திறந்தான், குனிந்தான், இருக்கைக்கு அடியில் கைவிட்டான். பின்கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது. அந்த நரம்பை எனக்குத் தெரியும். அதைப் பார்த்தால் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுவிடுவேன். அத்தனை வருடம் அப்படித்தான் நின்றேன். அன்றைக்கும் என் கால்கள் சுவரைத் தேடிப் பின்னால் போயின. நீங்கள் செத்துப்போனதை என் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

துண்டு கீழே விழுந்தது. ஸ்பேனரோடு வந்தான். குறுக்கே போனேன், போனேன் என்பதை எழுதிவைக்கிறேன். "சேவியர், வேணாம்டா. ரெஜினா காத்திருப்பா" என்றேன். இடது கையால் என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஏதோ சொன்னான். இடது பக்கம் நின்று சொன்னதால் கேட்கவில்லை. டயர் அடுக்கில் போய் விழுந்தேன். புது ரப்பர் மெத்தை மாதிரிதான் இருந்தது. கைகளை ஊன்றி எழுந்தேன். வாசனை ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

மண்டிக்காரரின் தலையைக் குறிவைத்துத்தான் வீசினான். முருகேசன் கையைக் குறுக்கே நீட்டினார். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது போல ஒரு சத்தம். அது எனக்கு நல்ல காதில் விழுந்தது. முருகேசன் உட்கார்ந்துவிட்டார். சேவியர் நிறுத்தவில்லை, மறுபடி ஓங்கினான். மண்டிக்காரர் சுவரோரம் சாய்த்திருந்த, காற்றடித்த லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் பாய்ந்தார். ஸ்பேனர் முழு வேகத்தோடு டயரில் இறங்கியது. டயர் அதை அதே வேகத்தோடு திருப்பிக் கொடுத்தது. இரும்பு அவன் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய்த் தரையில் விழுந்து சுழன்றது. ரத்தம் கண்ணை மூடியது. பார்வை தெரியாமல் காற்றை உதைத்துக்கொண்டிருந்தான். போர்வைக்கு அடியில் பார்த்த அதே உதை. இரண்டாவது தடவையாக ஒரு டயர் நம் குடும்பத்துக்குப் பதில் சொன்னது.

நான் முருகேசனிடம் ஓடினேன். முன்கை நடுவில் வளைந்திருந்தது. முகம் வெளுத்து வியர்த்திருந்தது. ஆனால் அவர் சிரித்தார். நான் பதறக்கூடாது என்று சிரித்தார்.

"ஒண்ணுமில்லங்கம்மா. அப்பிடியே சார் அடிச்ச மாதிரியே இருக்கு."

என்னங்க, நான் நிறையப் படித்திருக்கிறேன். ஒரு ஆளின் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மெச்சித்தான் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

மண்டிக்காரர் லாரிச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து வந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ரெண்டு பேத்தையும் என்ற வண்டியில ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். அடித்தவனும் அடிபட்டவரும் பின்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சேவியர் உறுமிக்கொண்டேதான் இருந்தான். "தம்பி, திட்டறதைத் திட்டுங்க, ரத்தம் மட்டும் சீட்டுல படாமப் புடிச்சுக்கோங்க" என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார். அலைன்மென்ட் மேடை காலியாயிற்று. அடுத்து நாங்கள்தான்.

கடையில் வேலை செய்பவர் ஒருவர் வண்டியை ஏற்றிப் பார்த்து, இறக்கி, எலுமிச்சம்பழங்களைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தார். "அம்மா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்றார்.

"வேடசந்தூர் போறேன்."

என் மகன் ரத்தம் ஒழுகப் போகும்போது நான் வேறு திசையில் போனேன் என்று ஊர் பேசுகிறது. உண்மைதான். கத்துகிற அளவுக்கு அவனுக்குத் தெம்பு இருந்தது. வேடசந்தூரில் ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கீழே கிடந்த ஸ்பேனரை அந்த வேலையாள் எடுத்து நீட்டினார். "வண்டிச் சாமான்ம்மா, விட்டுட்டுப் போறீகளே." துடைத்திருந்தார். வாங்கிக்கொண்டேன். வண்டியை எடுத்தேன். நான்கு பழமும் நசுங்கின. அந்தக் கடையில் அன்றைக்கு அதற்குமேல் எதுவும் நசுங்கவில்லை.

ரெஜினா வாசலில் நின்றாள். கட்டிய பெட்டி, பாப்பாவின் பால் பாட்டில், ஒரு பிளாஸ்டிக் பையில் அவள் அம்மா செய்த முறுக்கு. கதவில் நசுங்கிய விரலில் நகம் இன்னும் முளைக்கவில்லை. நல்ல புடவை கட்டியிருந்தாள். பயந்துகொண்டே நல்ல புடவை கட்டுவது எப்படி என்று எனக்கும் ஒருகாலத்தில் தெரியும்.

"வாங்க அத்த. எல்லாம் கட்டியாச்சு."

"பிரிச்சுரு" என்றேன்.

அவள் அப்பா உள்ளேயிருந்து வந்தார். "என்ன சம்மந்தி, பேசி முடிச்ச விசயம்..."

"பேசுனது நான்தான் சம்மந்தி. நான் பொறுப்புன்னு சொன்னேன். அதத் திருப்பி வாங்கிக்கிறேன். காலையில ஒருத்தர் கைய ஒடிச்சிட்டான். வெளியாளு. டயர்க் கடையில, வரிசைக்காக. என் கண்ணு முன்னால."

"கோவக்கார ஆம்பள, ஏதோ..."

"அவுக அப்பாவும் கோவக்காரர்தான்" என்றேன். புடவைத் தலைப்பை விலக்கி, இடது காதை அவர்கள் பக்கம் திருப்பினேன். "இதுல பேசுங்க. எனக்குக் கேக்குதான்னு பாப்போம்."

யாராவது பேசியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. பிறகு ரெஜினா சுற்றிவந்து வலது பக்கம் நின்று கேட்டாள். "ஒங்கள யாரும் இப்பிடி வந்து வராதேன்னு சொல்லலையா அத்த?"

"என் மாமியார் வந்தாங்க. என் பையை அவங்கதான் தூக்கிட்டு வந்தாங்க."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெட்டியின் தாழ்ப்பாள் விலகும் சத்தமும் துணிகளை எடுத்து அடுக்கும் சத்தமும் கேட்டன. சம்மந்தி வெகுநேரம் என் காரின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "புதுசா?" என்றார். "ஆமா" என்றேன். முறுக்கு சாப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் முருகேசனைப் பார்த்து, போலீஸில் புகார் கொடுங்கள், நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். கை ஒடிந்தபோது வராத வலி அவர் முகத்தில் அப்போதுதான் வந்தது. "சார் வீட்டு மேலயா? என்னம்மா பேசுறீக" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், தினமும் போகிறேன். சேவியர் புருவத்தில் தையலோடு வீட்டில் இருக்கிறான். என் குடும்பத்தை நீதான் கெடுத்தாய் என்றான். ஆமாம் என்றேன், கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றேன். பூட்டுக்குப் பேர்போன ஊரில், நம் படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாள் இருந்ததே இல்லை, நீங்கள் கழற்றிவிட்டீர்கள். நேற்று ஆசாரியைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன். வேடசந்தூரில் சம்மந்தி வீட்டுக்கு ஒரு தெரு தள்ளி எனக்கு வாடகைக்குச் சின்ன வீடு இருக்கிறதாம். ரெஜினா பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். என்னை அழைத்துப்போக யாராவது வந்தால், அவள்தான் பதில் சொல்வாளாம்.

அன்றைக்கு வேடசந்தூரிலிருந்து கிளம்புமுன் பாப்பாவுக்கு ஒரு சுற்றுக் காட்ட வண்டியில் ஏற்றினேன். ரெஜினா முன்னால் உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தொட்டு, நான் முகம் திருப்பியதும், "சத்தமே வரல அத்த" என்றாள். வந்தபோதும் எனக்குக் கேட்டதில்லை, நின்றதும் தெரியவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது.

உங்கள் ஸ்பேனரை நான் தூக்கியெறியவில்லை. டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்று சாயந்திரம் வாசலில் உட்கார்ந்து அதை வைத்து ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்தேன், திரும்ப முடுக்கினேன். நன்றாக வேலை செய்கிறது. அது உங்களுக்குத் தெரியாமலே போயிற்று. காதை மட்டும் இறக்கிவைக்க இடமில்லை. அது என்னோடுதான் வரும், இடது பக்கத்தில்.